ஹெல்மெட்டுக்குள் எத்தனை குரல்?

ஹெல்மெட்டில் ஸ்பீக்கர், மைக், கூட வரும் வண்டிக்காரர்களோடு பேச உதவும் இன்டர்காம் பொருத்தித் தருவதும் பழுது பார்ப்பதும் என் தொழில். வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான். "மேப் ஒரு போன்ல ஓடுது, ஆபீஸ் கால் இன்னொரு போன்ல வரும். பின்னாடி வர்ற பசங்களோட இன்டர்காமும் வேணும், நடுவுல பாட்டும் வேணும். எல்லாத்தையும் ஒரே ஹெட்போன்ல கொண்டு வர முடியுமாண்ணா?"

முடியும். ஆனால் ஒன்று பேசும்போது மற்றவை என்ன செய்யவேண்டும் என்று திருப்பிக் கேட்டால் பதில் வராது. தலைவலி எல்லாம் அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் ஒயர் வழி. சென்னை ரிச்சி தெருவில் மலிவாகக் கிடைக்கும் ஒய் (Y) கேபிளை வாங்கி, இரண்டு கருவிகளை இரு முனையிலும் ஹெட்போனை மூன்றாவது முனையிலும் மாட்டிக்கொண்டு வருகிறார்கள். அந்த கேபிள் ஒரு பாட்டை இரண்டு பேர் கேட்பதற்காகச் செய்தது. தலைகீழாக மாட்டினால், ஒரு கருவியிலிருந்து வரும் சிக்னல் ஹெட்போனுக்குப் போவதைவிட அடுத்த கருவியின் வெளியீட்டுக்குள் சுலபமாகப் பாயும், ஏனென்றால் அங்கே மின்தடை சில ஓம் மட்டுமே. இரண்டு ஒலியும் மங்கிக் கரகரக்கும். இரண்டு பாதையிலும் ஒரு கிலோ ஓம் போல ரெசிஸ்டர் போட்டால் அவற்றின் சண்டை ஓயும். ஆனால் 32 ஓம் ஸ்பீக்கருக்குப் போய்ச் சேர ஒன்றும் மிச்சமிருக்காது. பின்னால் ஒரு சின்ன ஹெட்போன் ஆம்ப்ளிபயர் போட்டே ஆகவேண்டும். அது இல்லாமல் விற்கும் "மிக்ஸர் கேபிள்" எதையும் வாங்காதீர்கள். பாட்டில் இசை மட்டும் கேட்டு, பாடுபவர் குரல் கிணற்றுக்குள் போனமாதிரி இருந்தால் கருவியைத் திட்டவேண்டாம், ஜாக்கில் கிரவுண்டு, அதாவது இரண்டு பக்க ஸ்பீக்கருக்கும் பொதுவான ஒயர், ஒட்டவில்லை என்று பொருள்.

அடுத்த புகார் விசில். ஆக்ஸிலரேட்டரை முறுக்க முறுக்க ஹெட்போனில் ஒரு கீச்சொலி ஏறும், இறங்கும். பைக் பேட்டரியிலிருந்து யுஎஸ்பி சார்ஜர் வழியாக போனுக்கு மின்சாரம் போகிறது. இன்டர்காமோ ஆம்ப்ளிபயரோ அதே பேட்டரியில் தொங்குகிறது. ஆடியோ ஒயரும் இரண்டையும் இணைப்பதால் கிரவுண்டு ஒரு வளையமாகிவிடுகிறது. சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். விசில் நின்றால் நோய் இதுதான். ஆடியோ பாதையில் ஒயர் தொடர்பை அறுத்து ஒலியை மட்டும் கடத்தும் 600க்கு 600 ஓம் ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் ஒன்றைப் போட்டால் தீரும், அல்லது போனை பவர் பேங்கில் ஓட்டுங்கள். விசிலாக இல்லாமல் டிக் டிக் என்று எஞ்சின் வேகத்துக்கு வந்தால் ஸ்பார்க் பிளக்கைப் பாருங்கள். என்ஜிகே கம்பெனி பிளக் எண்ணில் 'ஆர்' (R) எழுத்து இருந்தால் உள்ளே இந்தச் சத்தத்தை அடக்கும் ரெசிஸ்டர் உண்டு. கம்பெனி கொடுத்த பிளக்கை மாற்றி, அந்த எழுத்து இல்லாததைப் போட்ட வண்டிகளில் இந்தச் சத்தத்தை அடிக்கடி பார்க்கிறேன்.

இப்போது ஒயரைத் தேடி வருபவர்கள் குறைவு, எல்லாம் புளூடூத். அங்கே வேறொரு தப்புக்கணக்கு நடக்கிறது. பெட்டியில் "இரண்டு போன் இணைக்கலாம்" என்று போட்டிருக்கும். இணைக்கலாம்தான், ஆனால் பெரும்பாலான மாடல்களில் ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஒலிக்கும். இசைக்கு ஒரு புளூடூத் முறை, அழைப்புக்கு இன்னொன்று. அழைப்பு வந்தால் இசை முறை அறுந்துபோகும். முதல் போனில் ஓடும் மேப், இரண்டாவது போனில் மேனேஜர் பேசி முடிக்கும்வரை ஊமை. நீங்கள் திரும்பவேண்டிய இடம் அதற்குள் போயிருக்கும். இன்டர்காம் பேச்சுக்கு அடியில் பாட்டையோ மேப்பையோ மெதுவாக ஓடவிடும் வசதி சில மாடல்களில் உண்டு. அது இருக்கிறதா என்று கடையிலேயே இரண்டு போனையும் இணைத்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

எனக்குத் தெரிந்து நன்றாக ஓடும் ஏற்பாடு இதுதான்: மேப்பும் பாட்டும் ஒரே போனில். மேப் பேசும்போது பாட்டைத் தானாகத் தணிக்கும் வேலையை போன் ஏற்கெனவே செய்கிறது. அதைவிட நல்ல மிக்ஸரை நான் செய்து தரமுடியாது. மேப் அமைப்பில் குரலின் அளவைக் கூட்டிவையுங்கள். இரண்டாவது போன் மணி அடிக்கட்டும், ஆனால் தானாக எடுக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். குரல் கேட்டால் அழைப்பை எடுக்கும் வசதியையும்தான். காற்றையே உங்கள் குரல் என்று நினைத்து எடுத்துவிடும் கருவிகள் நிறைய. பேசவேண்டுமானால் ஓரமாக நிறுத்திவிட்டுப் பேசுங்கள். கை இரண்டும் ஹேண்டில்பாரில் இருந்தாலும் சண்டை போட்டுக்கொண்டு ஓட்டுபவரின் கவனம் சாலையில் இருக்காது.

இவ்வளவு பேசினாலும், ஹெல்மெட்டுக்குள் இருப்பதிலேயே பெரிய சத்தத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. காற்று. நூறு கிலோமீட்டர் வேகத்தில் சாதாரண ஹெல்மெட்டுக்குள் அது 95 டெசிபெல் பக்கம் வந்துவிடும், சில ஹெல்மெட்களில் அதற்கும் மேலே. பெரும்பகுதி கழுத்துப் பக்கம் சுழலும் காற்றிலிருந்து வருகிறது. விலை உயர்ந்த ஹெல்மெட்டும் இதை ஓரளவுக்குத்தான் தடுக்கும். விண்ட்ஷீல்டு போட்டால் குறையும் என்பதும் நிச்சயமில்லை. அதன் மேல்விளிம்பில் கிளம்பும் சுழல் நேராக ஹெல்மெட்டில் மோதினால் முன்பைவிட மோசம்.

அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் சொல்லும் வரம்பு, 85 டெசிபெலுக்கு நாளுக்கு 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 94க்கு ஒரு மணி, 97க்கு அரை மணி, 100க்குக் கால் மணி. இப்போது 95 டெசிபெல் காற்றுக்குள் மேப்பும் பாட்டும் கேட்கவேண்டும் என்று ஸ்பீக்கரையும் அதே அளவுக்கு ஏற்றுகிறீர்கள். சம அளவில் இரண்டு ஒலி சேர்ந்தால் 3 டெசிபெல் கூடும், ஆக 98. அதற்கான அளவு அரை மணிகூட இல்லை. சென்னையிலிருந்து பெங்களூரு போய்ச்சேர ஆறேழு மணி நேரம். இறங்கியதும் காதில் 'ஙீ' என்று ஒலிப்பதை அலுப்பு என்று நினைத்துத் தூங்கிவிடுகிறார்கள். உள்காதில் ஒலியை உணரும் மயிரணுக்கள் செத்தால் திரும்ப முளைப்பதில்லை.

ஸ்பீக்கரை மாற்றுவதற்கு முன் ஒரு ஜோடி ஃபோம் இயர்பிளக் வாங்குங்கள் என்று நான் சொன்னால் முகம் மாறும். "காதை அடைச்சிட்டா அப்புறம் எதுக்கு ஸ்பீக்கர்?" காற்றும் குரலும் சேர்ந்தே குறைவதால் இரண்டுக்கும் உள்ள விகிதம் மாறாது. காது திணறாததால் பேச்சு முன்பைவிடத் தெளிவாக விழும். ஹாரனும் அப்படியே. ஸ்பீக்கரைக் கொஞ்சம் ஏற்றவேண்டி வந்தாலும் உள்ளே போகும் மொத்தம் குறைவுதான். பிளக்கை உருட்டி மெல்லிசாக்கி, காதை மேலே பின்பக்கமாக இழுத்துப் பிடித்து நுழைத்து, அது விரியும்வரை விரலை எடுக்காதீர்கள். சும்மா செருகினால் பயன் பாதிகூட இருக்காது. பாஸை (bass), அதாவது தாழ்ந்த ஒலியைக் கூட்டாதீர்கள். காற்றின் இரைச்சல் பெரும்பாலும் அந்தத் தாழ்ந்த பகுதியில்தான், அங்கே எவ்வளவு ஏற்றினாலும் பேச்சு புரியாது. இன்னொன்று, ஸ்பீக்கரின் ஒலியளவை மாற்றும் முன் அதை இடம் மாற்றிப் பாருங்கள். காதுத் துளைக்கு நேராக வராமல் ஒரு சென்டிமீட்டர் தள்ளி உட்கார்ந்தாலே பாதி ஒலி போய்விடும்.

உணவு டெலிவரி செய்யும் தம்பிகள் கதை வேறு. அவர்கள் வேகத்தில் காற்று பெரிதில்லை, போக்குவரத்துதான். ஆர்டர் மணியும் மேப்பும் கேட்க ஒரு காதில் மட்டும் இயர்பட் போட்டு, மறுகாது திறந்திருப்பதால் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். ஒற்றைக் காதில் ஒலி குறைவாகத் தெரிவதால் அளவை ஏற்றிவிடுகிறார்கள். ஹாரன் எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க இரண்டு காதும் வேண்டும், அதுவும் போய்விடுகிறது. ஹெல்மெட்டின் இரண்டு பக்கமும் சின்ன ஸ்பீக்கர், மெதுவான அளவு, பாட்டு வேண்டாம். அவர்களுக்கு இது போதும்.

சட்டமும் தெரிந்திருக்கட்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தம், ஓட்டும்போது கைபேசியைக் கையில் வைத்துப் பயன்படுத்துவதை ஆபத்தான ஓட்டுதலில் சேர்த்தது. 2020 அக்டோபரில் வந்த விதி, கவனம் சிதறாமல் வழி பார்க்க மட்டும் விலக்கு தந்தது. பிரான்சில் 2015 ஜூலை முதல் ரைடர்கள் காதில் இயர்போன் செருகுவதே குற்றம். ஹெல்மெட்டோடு இணைந்த ஸ்பீக்கரை மட்டும் விட்டுவைத்தார்கள். எனக்கு அந்தப் பிரிவினை சரியாகத்தான் படுகிறது.

ஸ்பீக்கருக்கு இடம் போதவில்லை என்று ஹெல்மெட்டின் உள்ளேயிருக்கும் தெர்மோகோலைக் குடையச் சொல்லும் ஆட்களும் உண்டு. விழும்போது அடியை வாங்கி நசுங்குவது அந்த அடுக்குதான். எவ்வளவு கொடுத்தாலும் அதில் கத்தி வைப்பதில்லை. துணி லைனிங்குக்கும் தெர்மோகோலுக்கும் நடுவில் உட்காரும் மெல்லிய ஸ்பீக்கர்கள் கிடைக்கின்றன. அதுவும் காதை அழுத்தினால், காதுக்குக் குழி விட்டுச் செய்த ஹெல்மெட்டை வாங்கிக்கொண்டு வாருங்கள், பொருத்தித் தருகிறேன்.