ஒரே இடத்தில் முட்டி நிற்கும் விண்டோஸ் அப்டேட்: காரணமும் வைத்தியமும்

மைக்ரோசாஃப்ட் தன் மாதாந்திர அப்டேட்டை ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை, அமெரிக்க மேற்குக் கரை நேரப்படி காலை 10 மணிக்கு வெளியிடுகிறது. நமக்கு அது இரவு 10.30, அங்கே குளிர்கால நேரம் நடக்கும் மாதங்களில் 11.30. புதன்கிழமை காலை காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ லேப்டாப்பைத் திறந்தால் அது காத்திருக்கும். பெரும்பாலான லேப்டாப்புகளில் கொஞ்ச நேரத்தில் வேலை முடிந்துவிடும். சிலவற்றில் மட்டும் டவுன்லோட் ஆகும், ரீஸ்டார்ட் ஆகும், பாதி தூரம் ஓடும். பிறகு செய்த மாற்றங்களை எல்லாம் விலக்கிக்கொண்டு பழைய நிலைக்கே வந்து நிற்கும். மறுநாளும் அதேதான்.

இப்படித் தொடர்ந்து தோற்பது தற்செயல் அல்ல. விண்டோஸ் அப்டேட்டின் கட்டுமானமே அப்படி. நகரத்தார் பெட்டியடிக் கணக்கில் வரவும் பற்றும் ஒத்து வராத ஐந்தொகையைப் 'பரவாயில்லை' என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஒரு காசு இடித்தாலும் மொத்தமும் திரும்பப் பார்க்கப்படும். அப்டேட்டும் அப்படித்தான். ஆயிரக்கணக்கான கோப்புகளில் ஒன்றே ஒன்று சரியாக உட்காரவில்லை என்றாலும் எல்லாவற்றையும் விலக்கிவிட்டு, தொடங்கிய நிலைக்கே கணினியைத் திருப்பிவிடும். பாதி புதிது, பாதி பழையது என்று ஒரு இயங்குதளம் நின்றால் அது அடுத்த முறை திறக்கவே திறக்காது என்பதால்தான் இந்தக் கட்டுப்பாடு. ஆனால் பழைய நிலை அப்படியே திரும்பும்போது, தடையாக இருந்த கோளாறும் அப்படியே திரும்புகிறது. அதனால் 'ரீட்ரை' பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் அதே இடத்தில் முட்டும். இணையம் இடையில் அறுந்த நேரத்தில் மட்டும் மறுமுயற்சிக்குப் பலன் உண்டு.

ஆகவே முதல் வேலை, எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று கண்டுபிடிப்பது. செட்டிங்ஸ், விண்டோஸ் அப்டேட், அப்டேட் ஹிஸ்டரி என்று போனால் தோல்வியடைந்த ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு பிழை எண் இருக்கும். சைபர், எக்ஸ் என்று தொடங்கும். அதற்குப் பின்னால் உள்ள எட்டு இலக்கம்தான் முக்கியம். அதோடு 'கேபி' என்று தொடங்கும் அப்டேட் எண்ணையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இந்த இரண்டும் கையில் இல்லாமல் செய்யும் எந்த வைத்தியமும் குருட்டு வைத்தியம்.

டவுன்லோட் கட்டத்திலேயே நிற்பது எளிய வகை. செட்டிநாட்டு வீடுகளில் இதற்கென்று ஒரு காரணம் உண்டு. ரவுட்டர் முகப்பில் இருக்கும்; லேப்டாப் வளவு தாண்டி இரண்டாங்கட்டில் இருக்கும். நடுவில் உள்ள கனத்த செங்கல், சுண்ணாம்புச் சுவர்களை 5 கிகாஹெர்ட்ஸ் அலை ஊடுருவுவது கடினம், 2.4 கிகாஹெர்ட்ஸ் அதைவிட நன்றாகப் போகும். வேகம் குறைவுதான், ஆனால் அறுபடாது. பெரிய அப்டேட்டுக்கு லேப்டாப்பை ஒரு மணி நேரம் முகப்புக்கே கொண்டுபோய் வைப்பது இன்னும் நல்லது. செல்போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்தவர்கள், அந்த இணைப்பு 'மீட்டர்டு' என்று குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்படிக் குறித்திருந்தால் விண்டோஸ் பெரிய கோப்புகளைத் தானாக இறக்காது.

இன்னொரு காரணம் பலர் கண்ணில் படுவதே இல்லை. வருடத்தில் பாதி நாள் பூட்டிக் கிடந்து, கல்யாணத்துக்கும் படைப்புக்கும் மட்டும் திறக்கும் வீடுகள் இங்கே நிறைய. அங்கே அலமாரியில் விட்டுப்போன லேப்டாப்பில் பிரதான பேட்டரி முழுதும் வடிந்துவிட்டால், கடிகாரத்தை ஓட்டும் முழுச் சுமையும் மதர்போர்டில் உள்ள 3 வோல்ட் நாணய பேட்டரி மேல் விழுகிறது. அதுவும் தீர்ந்தால் தேதி பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். நாணய பேட்டரியே இல்லாத புதிய மாடல்களில் பிரதான பேட்டரி வடிந்தாலே போதும். அப்டேட் சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழ் இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை செல்லும் என்று எழுதப்பட்டது. கணினியின் தேதி அதற்கு வெளியே இருந்தால் இணைப்பையே விண்டோஸ் மறுத்துவிடும். அப்போது வரும் எண் 80072எஃப்8எஃப். தேதி, நேரம், இந்திய நேர மண்டலம் மூன்றையும் திருத்தினால் அன்றைக்குச் சரியாகும். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் தேதி பின்னால் போனால் பேட்டரியை மாற்றத்தான் வேண்டும். பல லேப்டாப்புகளில் சிஆர்2032 வகை, ஒயரும் கனெக்டரும் சேர்த்து வரும். பழையதைக் கழற்றிக் கடைக்கு எடுத்துப் போய் அதேபோல் வாங்குங்கள்.

இறக்கிய கோப்பே பழுதாகியிருந்தால் அதைத் தூக்கிப்போட்டு மறுபடி இறக்க வேண்டும். சர்வீசஸ் ஜன்னலில் விண்டோஸ் அப்டேட், பேக்கிரவுண்ட் இன்டெலிஜென்ட் டிரான்ஸ்ஃபர் என்ற இரண்டு சேவைகளையும் நிறுத்துங்கள். சி டிரைவில் விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் 'சாஃப்ட்வேர்டிஸ்ட்ரிபியூஷன்' கோப்புறையை அழிக்காமல் பெயரை மட்டும் மாற்றுங்கள். பிறகு ரீஸ்டார்ட் செய்தால் விண்டோஸ் புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொள்ளும். அப்டேட் ஹிஸ்டரி பட்டியல் காலியாகத் தெரியும். ஏற்கெனவே நிறுவியவை எங்கும் போகாது. எந்தப் பிழை வந்தாலும் முதலில் இதைச் செய் என்று இணையமெங்கும் எழுதியிருக்கிறார்கள். டவுன்லோட் கோளாறுக்கு மட்டுமே இது மருந்து. ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு தோற்கும் அப்டேட்டுக்கு இதனால் ஒரு பயனும் இல்லை.

80070070 என்று வந்தால் இடம் போதவில்லை என்று பொருள். ஆண்டுக்கு ஒருமுறை வரும் பெரிய பதிப்புக்கு சி டிரைவில் குறைந்தது 20 ஜிபி காலியாக இருக்கட்டும். வாட்ஸ்அப் வீடியோக்களையும் கல்யாண ஆல்பங்களையும் வெளி ஹார்டு டிஸ்குக்கு மாற்றுங்கள். ஆனால் 'வின்எஸ்எக்ஸ்எஸ்' என்ற கோப்புறை பெரிதாகத் தெரிகிறதே என்று அதில் கை வைக்காதீர்கள். அதில் உள்ள கோப்புகளில் பல, சிஸ்டம்32 கோப்புறையில் இருக்கும் அதே கோப்புகள்தான். ஒரே தரவுக்கு இரண்டு பெயர். அளவு இரண்டு முறை எண்ணப்படுவதால் பெரிதாகத் தெரிகிறது. அதை அழித்தால் மிச்சமாகும் இடம் கொஞ்சம், வரும் சேதம் பெரிது.

அந்த வின்எஸ்எக்ஸ்எஸ்தான் மிகப் பிடிவாதமான தோல்விகளின் இருப்பிடமும். விண்டோஸின் ஒவ்வொரு உறுப்பும் எந்தப் பதிப்பில் இருக்கிறது, அதன் ஹாஷ் மதிப்பு (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட சரிபார்ப்பு எண்) என்ன என்ற பதிவெல்லாம் இங்கேதான் சேர்கிறது. 2018-இல் வந்த 1809 பதிப்பிலிருந்து மாதாந்திரத் தொகுப்பு முழுக் கோப்புகளைக் கொண்டுவருவதில்லை. அடிப்படைப் பதிப்புக்கும் புதிய பதிப்புக்கும் உள்ள வேறுபாட்டை மட்டுமே பெரும்பாலும் கொண்டுவருகிறது. உங்கள் கணினியில் இருக்கும் கோப்பை எடுத்து, அடிப்படைப் பதிப்புக்குப் பின்னோக்கிக் கொண்டுபோய், அதன்மேல் வேறுபாட்டைப் பூசிப் புதுக் கோப்பை உருவாக்குகிறது. இருக்கும் கோப்பில் ஒரு பைட் மாறியிருந்தாலும் கிடைக்கும் விடை தவறு, ஹாஷ் ஒத்து வராது, அப்டேட் நிற்கும். மின்சாரம் போன நேரத்தில் பாதி எழுதப்பட்ட கோப்பு, வேகம் கூட்டித் தருவதாகச் சொல்லும் 'கிளீனர்' மென்பொருள் துடைத்துப்போட்ட கோப்பு, டிஸ்கில் கெட்டுப்போன ஓரிடம், எதுவானாலும் இதே கதி. மாதாந்திர அப்டேட் முந்தையவற்றையும் சேர்த்தே கொண்டுவருவதால், இந்த மாதம் தோற்றது அடுத்த மாதமும் தோற்கும். 80073712 என்ற எண் நேரடியாக இதைத்தான் சொல்கிறது.

பழுதுபார்க்க இரண்டு கருவிகள் விண்டோஸிலேயே உண்டு. ஸ்டார்ட் மெனுவில் சிஎம்டி என்று தேடி, வலது கிளிக் செய்து 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுங்கள். முதலில் டிஸ்ம் (ஆங்கிலத்தில் டி, ஐ, எஸ், எம்). அதன் பெயரை அடித்து, ஆன்லைன், கிளீனப்-இமேஜ், ரிஸ்டோர்ஹெல்த் என்ற மூன்றையும் ஆங்கிலத்தில் வரிசையாக அடிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஓர் இடைவெளியும் ஒரு சாய்கோடும் வரும். கிளீனப்புக்கும் இமேஜுக்கும் நடுவில் இடைவெளி இல்லாமல் ஒரு சிறு கோடு. இது கெட்டுப்போன உறுப்புகளின் நல்ல பிரதியை மைக்ரோசாஃப்ட் சர்வரிலிருந்து இறக்கி வைக்கும். 62.3 சதவீதத்தில் வெகுநேரம் அசையாமல் நிற்பது சகஜம், ஜன்னலை மூடிவிடாதீர்கள். அது முடிந்த பிறகு இரண்டாவது கருவி: எஸ்எஃப்சி, ஓர் இடைவெளி, சாய்கோடு, ஸ்கேன்நவ். வரிசை முக்கியம். எஸ்எஃப்சி நல்ல கோப்புகளை வின்எஸ்எக்ஸ்எஸ்ஸிலிருந்துதான் எடுக்கிறது. அதையே சரிசெய்யாமல் எஸ்எஃப்சியை முதலில் ஓட்டினால் எடுத்துக்கொள்ள அங்கே நல்ல கோப்பு இருக்காது. டிஸ்ம் 800எஃப்081எஃப் என்று நின்றால், தேவையான பிரதி அதற்குக் கிடைக்கவில்லை. அதற்கான வழி பின்னால் வருகிறது.

இரண்டும் முடிந்ததும் ஷட் டவுன் செய்து மறுபடி திறப்பது போதாது. 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' இயங்கும் லேப்டாப்பில் ஷட் டவுன் என்பது இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலை டிஸ்கில் எழுதி உறங்கவைப்பதுதான். திறக்கும்போது அதே பழைய கர்னல் எழுந்து வரும். மூடியை மடக்கி வைப்பவர்களுக்கு அதுகூட இல்லை. ரீஸ்டார்ட் ஒன்றுதான் முழுமையாகப் புதிதாகத் தொடங்கவைக்கும்.

ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு நடுவழியில் திரும்பி வருவது வேறு வகை. சி1900101 என்று தொடங்கும் எண் பெரும்பாலும் டிரைவர் (கருவியை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள்) கோளாறு. பிரிண்டர், டாங்கிள், பென் டிரைவ், மெமரி கார்டு எல்லாவற்றையும் கழற்றுங்கள். தனியாக வாங்கிப் போட்ட ஆன்டிவைரஸை அணைத்தால் போதாது, நீக்கவே வேண்டும். அதன் வடிகட்டி டிரைவர் அணைத்த பிறகும் இயங்கிக்கொண்டிருக்கும். விண்டோஸில் உள்ள டிஃபெண்டர் அந்த இடைவெளியைப் பார்த்துக்கொள்ளும். வைஃபை, கிராபிக்ஸ், டிஸ்க் டிரைவர்களை லேப்டாப் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து, உங்கள் மாடல் எண்ணுக்கு உரியதாகப் பார்த்துப் போடுங்கள். இன்ன டிரைவர் என்று தெரிய, விண்டோஸ் கோப்புறையில் லாக்ஸ், அதற்குள் செட்டப்டயாக் என்ற இடத்தைத் திறந்து பாருங்கள். பெரிய பதிப்பு தோற்று விண்டோஸ் தன் பழைய நிலைக்குத் திரும்பும்போது காரணத்தைத் தானே ஆராய்ந்து அங்கே எழுதி வைக்கும்.

அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா லேப்டாப் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளத்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அப்படி இரண்டும் உள்ள லேப்டாப்பில் தொடக்க மெனுவின் முதல் இடத்தில் லினக்ஸ் இருந்தால், தானாக நடக்கும் ரீஸ்டார்ட்டில் லினக்ஸ் திறந்துகொள்ளும். விண்டோஸ் வேலை பாதியில் நிற்கும். ஒவ்வொரு ரீஸ்டார்ட்டின்போதும் பக்கத்தில் இருந்து விண்டோஸைத் தேர்ந்தெடுங்கள்.

சி டிரைவில் எவ்வளவோ இடம் இருந்தும் இடமில்லை என்று நிற்பதும் உண்டு. டிஸ்கில் கண்ணுக்குத் தெரியாத சிறு பிரிவுகள் இருக்கின்றன: தொடக்கக் கோப்புகளுக்கு ஒன்று, பெரும்பாலும் 100 எம்பி அளவில், மீட்புக் கருவிகளுக்கு ஒன்று. 2024 ஜனவரியில் விண்டோஸ் 10-க்கு வந்த கேபி5034441 அப்டேட், மீட்புப் பிரிவில் 250 எம்பி காலி இடம் கேட்டது. அது இல்லாத கணினிகளில் 80070643 என்று, காரணத்தைச் சொல்லாமலே தோற்றது. பிரிவுகளின் அளவை மாற்றுவது முழு பேக்கப் எடுத்த பிறகே செய்யும் வேலை. ஒரு எழுத்து தப்பினால் வேறு பிரிவு அழிந்துவிடும்.

பழைய ஹார்டு டிஸ்க் உள்ள லேப்டாப்பில் டிஸ்ம் சரிசெய்தது மறுபடி மறுபடி கெட்டால் சந்தேகம் டிஸ்க் மேல் திரும்ப வேண்டும். ஈவென்ட் வியூவரில் விண்டோஸ் லாக்ஸ், சிஸ்டம் பகுதியைத் திறந்து, 'டிஸ்க்' என்ற மூலத்திலிருந்து 7 என்ற எண்ணுடன் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். டிஸ்கில் ஓரிடம் படிக்க முடியாமல் போனதன் அடையாளம் அது. இருந்தால் அப்டேட்டை மறந்துவிட்டு அன்றே படங்களையும் பத்திரங்களையும் வேறிடத்தில் நகலெடுங்கள். டிஸ்கை மாற்றாமல் அந்த லேப்டாப்புக்கு விமோசனம் இல்லை.

இவை எதிலும் தீராவிட்டால், கடைகளில் 'ஃபார்மேட் அடிச்சிரலாம்ணே' என்பார்கள். அதற்கு முன் ஒரு படி பாக்கி இருக்கிறது. விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், சிஸ்டம், ரிகவரி பகுதியில், விண்டோஸ் அப்டேட் வழியாகவே கோளாறுகளைச் சரிசெய்யும் பொத்தான் உண்டு. கோப்புகள், மென்பொருள்கள், அமைப்புகள் எதையும் தொடாமல் இருக்கும் பதிப்பையே மறுபடி நிறுவும். அந்தப் பொத்தான் இல்லாத கணினியில் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து ஐஎஸ்ஓ கோப்பை (முழு விண்டோஸும் அடங்கிய ஒரே கோப்பு) இறக்கி, இயங்கிக்கொண்டிருக்கும் விண்டோஸுக்குள்ளேயே திறந்து செட்டப்பை ஓட்டுங்கள். பென் டிரைவிலிருந்து பூட் செய்யக் கூடாது. அப்படிச் செய்தால் மென்பொருள்களைத் தக்கவைக்கும் வழி அடைபட்டுவிடும். ஐஎஸ்ஓவின் மொழியும் ஒத்திருக்க வேண்டும். அமெரிக்க ஆங்கிலத்தில் நிறுவிய கணினியில் பிரிட்டிஷ் ஆங்கில ஐஎஸ்ஓவைக் கொடுத்தால் 'கோப்புகளையும் மென்பொருள்களையும் வைத்துக்கொள்' என்ற தேர்வு மங்கிப்போய் இருக்கும். அதைக் கண்டால் அங்கேயே நிறுத்தி, சரியான மொழியில் இறக்குங்கள். டிஸ்முக்குக் கிடைக்காத பிரதிகளும் இந்த ஐஎஸ்ஓவோடு வந்து சேரும். தொடங்கும் முன் டிஸ்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் இயங்குகிறதா என்று பார்த்து, 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வையுங்கள். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் இதைத் தொடாதீர்கள், பேட்டரி போன லேப்டாப்பாக இருந்தால் கண்டிப்பாக.

வெற்றி பெற்றதா என்று அறிய வின்வெர் என்று தேடித் திறந்து பில்ட் எண்ணை, அந்த கேபி எண்ணுக்கான மைக்ரோசாஃப்ட் இணையப் பக்கத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். முந்தைய விண்டோஸ், பத்து நாட்கள் வரை 'விண்டோஸ்.ஓல்டு' கோப்புறையில் இருக்கும். எல்லா மென்பொருளும் திறக்கிறது என்று உறுதியாகும் வரை அதை அழிக்க வேண்டாம்.

விண்டோஸ் 10-இலிருந்து 11-க்குப் போகவே முடியவில்லை என்றால் அது பெரும்பாலும் பழுது அல்ல, தகுதி விதி. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப், செக்யூர் பூட் என்ற பாதுகாப்பான தொடக்க வசதி, இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய புராசஸர் வேண்டும். டிபிஎம், கணினியின் அடிப்படை அமைப்புப் பக்கமான பயோஸில் அணைத்து வைக்கப்பட்டிருந்தால் இயக்கிவிடலாம். புராசஸர் பழையது என்றால் அதிகாரபூர்வ வழியில்லை. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. வீட்டுக் கணினிகளைப் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட்கள் வரும். பதிவு செய்யும் இணைப்பு விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே இருக்கும். சிங்கப்பூரில் இருக்கும் பேரனோடு வீடியோவில் பேச மட்டும் ஆச்சி வைத்திருக்கும் லேப்டாப் என்றால் லினக்ஸ் போட்டுக் கொடுத்தாலும் அந்த வேலை நடக்கும். வங்கிக் கணக்கையும் வரிக் கணக்கையும் பார்க்கும் கணினியை மட்டும் அப்டேட் வராத விண்டோஸில் விட்டுவைக்காதீர்கள்.