லிங்க் ஒரு தனி வரி, அதை அப்படியே விடுங்கள்

இந்த மாதத்தில் இது மூன்றாவது புகார். கோலாலம்பூரின் செந்தூல் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியின் முன்னாள் மாணவர்கள், பழைய ஆண்டுமலர்களைத் தட்டச்சு செய்து ஜெமினி கேப்சூல் (ஜெமினி முறையில் இயங்கும் இணையத் தளம்) ஒன்றில் ஏற்றியிருக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, எதைத் தொட்டாலும் பக்கம் இல்லைன்னுதான் வருது" என்றார். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடையில் அவரோடு உட்கார்ந்து ஃபைலைத் திறந்தேன். வரி இப்படி இருந்தது:

=> ஆண்டு மலர்/1984 எண்பத்து நான்காம் ஆண்டு மலர்

ஃபோல்டரின் பெயர் "ஆண்டு மலர்". நடுவில் ஓர் இடைவெளி. முதல் இடைவெளியோடு முகவரி முடிந்துவிடும் என்பதுதான் விதி. ஆக, முகவரி வெறும் "ஆண்டு". மிச்சமெல்லாம் திரையில் தெரியும் பெயர். திரையில் அந்தப் பக்கத்தின் எல்லா லிங்கும் "மலர்/" என்று தொடங்கியது. அதைப் பார்த்தாவது யாருக்காவது உறுத்தியிருக்க வேண்டாமா? சர்வர் 51 என்ற எண்ணைத் திருப்பியது. அப்படி ஒரு பக்கம் கிடையாது என்று பொருள்.

தெரியாதவர்களுக்கு: 2019இல் தொடங்கிய இந்த ஜெமினி ஓர் எளிய இணைய நெறிமுறை, அதாவது பக்கங்களை அனுப்பவும் வாங்கவும் உள்ள விதித் தொகுப்பு. கூகுளின் செயற்கை நுண்ணறிவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இதன் போர்ட் எண் (சர்வர் இணைப்பை ஏற்கும் வாயிலின் எண்) 1965, ஜெமினி விண்கலத்தில் மனிதர்கள் முதலில் பறந்த ஆண்டு. லிங்க் வேண்டுமா? வரியின் தொடக்கத்தில் => போடு, முகவரி எழுது, இடைவெளி விடு, பெயர் எழுது. ஒரு வரிக்கு ஒரு லிங்க். அவ்வளவுதான்.

இந்த "அவ்வளவுதான்" நம் பிள்ளைகளுக்குப் போதவில்லை. சொந்தமாகப் பார்சர் (ஃபைலின் வரிகளைப் படித்துப் பிரிக்கும் நிரல்) எழுதும் ஒரு தம்பி, மார்க்டவுன் (எளிய குறிகளால் உரையை வடிவமைக்கும் முறை) மாதிரி வாக்கியத்துக்குள்ளேயே லிங்க் வைக்கும் குறியைச் சேர்த்துவிட்டார். "லிங்க் தனி வரியில் நின்றால் வாசிப்பு ஓட்டம் கெடும் அண்ணே, ஆங்கிலத்தில் எப்படி அழகாக உள்ளேயே வருது பாருங்கள்" என்கிறார். எனக்கு மிகவும் எரிச்சலூட்டுவது இந்த எண்ணம்தான்.

தம்பி, தமிழில் எழுதிப் பாருங்கள். "1984ஆம் ஆண்டு மலரில் படித்தேன்." லிங்க் எதன்மேல்? மலர் மேல். சரி, எங்கே முடிப்பீர்கள்? "மலர்" என்பதன் ர், "இல்" என்பதன் இ, இரண்டும் சேர்ந்து "ரி" ஆகிவிட்டது. நடுவில் அடைப்புக்குறியைச் செருகினால் உயிர்க்குறி மெய்யை விட்டுப் பிரிந்து, புள்ளிவட்டத்தின் மேல் அநாதையாக நிற்கும். சரி, "மலரில்" முழுவதையும் லிங்க் ஆக்கலாம் என்பீர்கள். அடுத்த வரியில் "மலருக்கு", அதற்கடுத்து "மலரிலிருந்துதான்". ஒரே முகவரிக்கு மூன்று பெயர். ஆங்கிலத்தில் சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டு முன்னிடைச்சொல் தனியாக நிற்கும், அங்கே இந்தச் சங்கடம் இல்லை. நம் வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். தனி வரி லிங்க் தமிழுக்குக் குறை இல்லை, தோது. வாக்கியத்தை வாக்கியமாக எழுதி முடியுங்கள். கீழே ஒரு வரியில் "1984ஆம் ஆண்டு மலர்" என்று முழுப் பெயரோடு லிங்க் கொடுங்கள்.

இன்னொருவரோ, லிங்கின் பெயரை முன்னால் வைத்து முகவரியைப் பின்னால் தள்ளியிருந்தார். பெயரில் இடைவெளி வரும், அடைப்புக்குறி வரும், எதுவும் வரும். அது எங்கே முடிகிறது என்று காட்டத் தனிக் குறி வேண்டும், அந்தக் குறியே பெயருக்குள் வந்தால் அதற்கு ஒரு விலக்குக் குறி வேண்டும். முகவரியில் இடைவெளி வரக்கூடாது. அதனால் முகவரி முதலில் நின்றால் மூடும் குறியே தேவையில்லை. மார்க்டவுன் 2004இல் வந்தது. முகவரிக்குள் அடைப்புக்குறி வந்தால் என்ன செய்வது போன்ற குழப்பங்களைத் தீர்க்க 2014இல் காமன்மார்க் என்று தனி வரையறையே எழுத வேண்டியிருந்தது. 1991இல் வந்த கோஃபர் என்ற பழைய நெறிமுறையின் மெனு வரியில் ஒவ்வொரு பகுதியையும் டேப் (டேப் விசை தரும் குறி) பிரிக்கும். எடிட்டர் அந்த டேப்பை இடைவெளியாக மாற்றிவிட்டால் மெனு உடைந்துவிடும், கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஜெமினியில் அந்தத் தொல்லை இல்லை, இடைவெளியோ டேப்போ எதுவானாலும் சரி.

இனி முகவரியில் தமிழ். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், பரவாயில்லை. ஜெமினியில் ஒரு கோரிக்கையின் முகவரி 1024 பைட்டைத் தாண்டக்கூடாது. தமிழில் ஒவ்வொரு யூனிகோட் குறியீடும் 3 பைட், முகவரிக்கு ஏற்றபடி ஒவ்வொரு பைட்டையும் விழுக்காட்டுக் குறியோடு (%) எழுதினால் 9 எழுத்து. "ஆண்டு மலர்" என்ற ஆறு எழுத்தும் (புள்ளியும் உகரக் குறியும் தனித்தனி என்பதால் ஒன்பது குறியீடு) ஓர் இடைவெளியும் 84 எழுத்து ஆகிவிடும். அதைவிடப் பெரிய ஆபத்து "கோயில்" போன்ற சொற்களில் இருக்கிறது. கோ என்பதன் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் குறி, கால் என இரண்டாகவும் எழுதலாம். ஆப்பிளின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறை பிரித்துத்தான் வைக்கும். திரையில் இரண்டும் ஒன்றுபோல் தெரியும், ஆனால் சர்வருக்கு இரண்டும் வேறு வேறு முகவரி. ராத்திரி முழுக்கத் தேடினாலும் தவறு கண்ணில் படாது.

ஆகவே ஃபைலுக்கும் ஃபோல்டருக்கும் எண்ணோ, சின்ன ரோமன் எழுத்தோ வையுங்கள், இடைவெளி இல்லாமல். வாசகர் பார்க்கும் பெயரை முழுத் தமிழில் எழுதுங்கள், அங்கே நீளத்துக்குத் தடையில்லை. "இங்கே தொடவும்" என்று மட்டும் தயவுசெய்து எழுதாதீர்கள். தனி வரியில் "இங்கே" என்றால் எங்கே? குரல்வழிப் படிக்கும் கருவியோடு லிங்குகளை மட்டும் தாவிக் கேட்கும் பார்வையற்றவருக்குப் பத்து "இங்கே" கேட்டு என்ன புரியும்? பெரிய படமாக இருந்தால் எத்தனை எம்பி என்று பெயரிலேயே சொல்லுங்கள், டேட்டா தீர்ந்துபோகும் வீடுகள் இங்கே உண்டு. விதியில் இல்லாத குறியை நீங்களாகச் சேர்க்காதீர்கள். உங்கள் பிரவுசரில் மட்டும் திறக்கும் பக்கத்தை வைத்துக்கொண்டு அந்த ஆசிரியர் என்ன செய்வார்?

ஏற்றிய பிறகு ஒவ்வொரு லிங்கையும் தொட்டுப் பாருங்கள். உங்கள் லேப்டாப்பில் மட்டுமல்ல, வீட்டில் யாரிடமாவது பழைய கைப்பேசி இருந்தால் அதிலும்.