தோல்ல வர்ற எல்லாமே கொழுப்புக்கட்டி இல்ல

தோல் கேன்சர் வேற, உள்ளுறுப்புல இருக்குற கேன்சர் தோலுக்குப் பரவுறது வேற. ரெண்டாவது அபூர்வம்தான், ஆனா டாக்டருங்க எங்ககிட்ட வர்றவங்க யாரும் அத நினைச்சு வர்றதில்ல, கொழுப்புக்கட்டி, பூச்சிக்கடி, வேனல்கட்டின்னு ஏதாவது ஒண்ணு சொல்லிட்டு ஆயின்மென்ட் கேட்டுதான் வருவாங்க.

பெண்கள்கிட்ட அதிகமா பாக்குறது மார்பகத்துல இருந்து பரவுறது. மார்பக ஆபரேஷன் தழும்பு மேலயோ பக்கத்துலயோ சின்னச் சின்னதா கெட்டியான கட்டி, பெரும்பாலும் வலிக்காது, வலிக்காததாலயே மாசக்கணக்குல விட்டுடுறாங்க. சிலருக்கு கட்டியே இருக்காது, நெஞ்சுத் தோல் சிவந்து சூடா இன்ஃபெக்‌ஷன் மாதிரியே இருக்கும், ஆனா காய்ச்சல் இருக்காது, ஆன்டிபயாடிக் கோர்ஸ் முடிச்சும் குறையாது, ஏன்னா அது கிருமி இல்ல, கேன்சர் செல்லு தோலோட நிணநீர்க் குழாய அடைச்சுக்கிட்டு நிக்குது. இன்னும் சிலருக்கு ஒரு பக்கமா வரிசையா வந்து, அக்கின்னு நினைச்சு காவி தடவி எழுதிட்டு வருவாங்க. எழுதினவர குறை சொல்லல, எங்க கண்ணுக்கே சமயத்துல அக்கி மாதிரிதான் தெரியும்.

ஆண்கள்ல நுரையீரல் கேன்சர் முக்கியமான காரணம். கிட்னி கேன்சர் தலைத்தோலுக்கு வந்தா சிவப்பா, லேசா பட்டாலே ரத்தம் வர்ற கட்டியா இருக்கும். தொப்புள்ல கெட்டியா கட்டி வந்தா வயிறு, குடல், கணையம், சினைப்பைன்னு உள்ள தேடணும். இதுக்கு சிஸ்டர் மேரி ஜோசப் கட்டின்னே பேரு, அமெரிக்காவுல டாக்டர் வில்லியம் மேயோவுக்கு ஆபரேஷன்ல உதவியா இருந்த கன்னியாஸ்திரி அவங்க, இத கவனிச்சு அவர்கிட்ட சொன்னது அவங்கதான்.

பயாப்ஸின்னா உடனே "கத்தி பட்டா பரவிடும் டாக்டர்"ம்பாங்க. அப்படிப் பரவாது. மரத்துப்போற ஊசி போட்டு சில மில்லிமீட்டர் சதை எடுக்குறோம், அந்தத் துண்ட வச்சுதான் எங்கேருந்து வந்துச்சுன்னு பெரும்பாலும் கண்டுபிடிக்க முடியும், மார்பகம்னா அந்த கேன்சர் செல்லுக்கு ஹார்மோன் மருந்து கேக்குமா, ஹெர்2ங்கிற புரதம் அதிகமா இருக்கான்னு பாக்குற டெஸ்ட்ட திரும்பப் பண்ணணும், முதல்ல வந்த ரிசல்ட் இப்போ மாறியிருக்கலாம், அது மாறினா மருந்தே மாறும்.

அடுத்து எல்லா வீட்டுலயும் கேக்குறது எவ்ளோ காலம்னு. உள்ளுறுப்பு கேன்சர் தூரத்துல இருக்குற தோலுக்கு வந்தாச்சுன்னா நாலாவது ஸ்டேஜ்தான், மறைக்க ஒண்ணுமில்ல. ஆனா எல்லாருக்கும் ஒரே கணக்கு கிடையாது, நுரையீரல்லேருந்து வந்தா பொதுவா மாசக்கணக்குலதான் பேசுறோம், அதுலயும் சிலருக்கு ஜீன் டெஸ்ட்ல மாத்திரைக்குக் கேக்குற வகைன்னு தெரிஞ்சா நிலைமை மாறும். மார்பகத்துலேருந்து நெஞ்சுத் தோலுக்கு மட்டும் வந்து, உள்ள வேற எங்கயும் இல்லன்னா வருஷக்கணக்குல இருக்குறவங்க இருக்காங்க.

எங்ககிட்ட வர்றப்போ பழைய கேன்சர் பைலையும் எடுத்துட்டு வாங்க, பத்து வருஷம் முன்னாடி சரியாப்போச்சேன்னு சொல்லாம விடாதீங்க. கட்டி புண்ணாகி நாத்தம் வந்தா மெட்ரோனிடசோல் ஜெல் இருக்கு, ரத்தக் கசிவுக்கு ரேடியேஷன் குடுக்கலாம். இதெல்லாம் இருக்குன்னே தெரியாம, பேரப்பிள்ளைங்கள கிட்ட விடாம தனி ரூம்ல கிடக்குறாங்க, வாய் விட்டுக் கேட்டா அன்னைக்கே எழுதிக் குடுப்போம்.