குருத்தணுவைத் தண்டாக்காதீர்கள்

பிரிந்து தன்னைப் போன்றதையும் வேறு வகைச் செல்களையும் தரும் செல்லை ஆங்கிலத்தில் ஸ்டெம் செல் என்கிறார்கள். அதைத் தமிழில் "தண்டு செல்" என்று எழுதி வருவதை இருபது ஆண்டுகளாக அடித்துத் திருத்திக்கொண்டிருக்கிறேன். மெய்ப்புப் பார்க்கிறவனுக்கு அது ஒரு கோடு, ஓரத்தில் "குருத்தணு" என்று ஒரு சொல், அவ்வளவுதான். சென்ற ஆண்டு அதே சொல் என் குடும்பத்துக்குள் நுழைந்து மூன்று நாட்களை வீணாக்கியது. அதற்குப் பிறகு ஓரத்தில் எழுதுவதோடு விட்டுவிட மனம் வரவில்லை.

அத்தை மகளுக்கு இரத்தப் புற்றுநோய். அவளுடைய தம்பியின் திசு வகை முழுமையாகப் பொருந்தியது. மருத்துவமனையில் கொடுத்த துண்டறிக்கையில் "தண்டு செல் தானம்" என்று கொட்டை எழுத்தில் இருந்தது. படித்துப் பார்த்த உறவினர் ஒருவர், தண்டு என்றால் தண்டுவடம், முதுகுத்தண்டில் ஊசி போட்டு உறிஞ்சுவார்கள் என்று அத்தைக்கு விளக்கம் சொல்லிவிட்டார். நான் போய்ச் சேர்ந்தபோது ஒப்புதல் படிவம் கையெழுத்தாகாமல் மேசையில் கிடந்தது. "மகளைக் காப்பாற்றப் போய் மகனுக்குக் கால் விளங்காமல் போய்விட்டால் யார் பார்ப்பது தம்பி?" என்று அத்தை கேட்டார். அவர் கேட்டதில் பிழை இல்லை. தண்டு என்று எழுதியிருந்தது, தண்டு என்று புரிந்துகொண்டார்.

நடப்பது என்னவென்றால், கொடையாளருக்கு நான்கைந்து நாட்கள் தோலுக்கடியில் ஊசி போடுவார்கள். இரத்த அணுக்கள் உருவாகும் எலும்பு மஜ்ஜைக்குள் இருக்கும் அந்த ஸ்டெம் செல்கள் இரத்தத்தில் இறங்கும். பிறகு ஒரு கையிலிருந்து இரத்தத்தை எடுத்து, கருவியில் பிரித்து, வேண்டிய செல்களை மட்டும் பையில் சேர்த்துக்கொண்டு, மீதியை மறு கை வழியாக உடலுக்கே திருப்பி அனுப்புவார்கள். மஜ்ஜையை நேரடியாக எடுக்கும் முறையிலும் ஊசி இறங்குவது இடுப்பெலும்பில்தான். தண்டுவடத்தின் பக்கம் யாரும் போவதில்லை.

சரி, இந்தத் தண்டு எங்கிருந்து வந்தது? ஆங்கிலத்தில் ஸ்டெம் செல். அகராதியைத் திறந்தால் ஸ்டெம் என்பதற்கு முதலில் நிற்கும் பொருள் தண்டு. எடுத்து ஒட்டிவிட்டார்கள். ஆனால் ஆங்கிலச் சொல்லே மொழிபெயர்ப்புதான். மூலச்சொல் ஜெர்மன் மொழியின் ஷ்டாம்ட்ஸெல்லெ. 1868-இல் ஜெர்மன் உயிரியலாளர் எர்ன்ஸ்ட் ஹேக்கல் எல்லா உயிர்களுக்கும் மூதாதையான ஒற்றைச் செல் உயிரை அப்படி அழைத்தார். ஜெர்மன் மொழியில் ஷ்டாம் என்றால் அடிமரம், குலம் என்றும் பொருள். குடும்பக் கால்வழியை வரையும் மரப்படத்துக்கு அவர்கள் ஷ்டாம்பவ்ம் என்பார்கள். ஹேக்கல் நினைத்தது அந்தக் குலமரத்தை. பின்னர் 1892-இல் தியோடர் பொவேரியும் வாலண்டின் ஹேக்கரும் கருவளர்ச்சியில் இனச்செல்களாக (விந்தணு, கருமுட்டை) பிரியப்போகும் செல்லுக்கு இதைப் பயன்படுத்தினர். 1896-இல் வந்த எட்மண்ட் வில்சனின் பாடநூல் வழியாக ஆங்கிலத்தில் பரவியது. கீரைத்தண்டுக்கும் வாழைத்தண்டுக்கும் இதில் எந்த இடத்திலும் வேலை இல்லை.

சொல் பிறந்த கதையைவிட எனக்கு முக்கியம் அது இன்று சுட்டும் பொருள். அந்தப் பொருளைக் கட்டித் தந்தவர்கள் டொராண்டோவில் ஆய்வு செய்த ஜேம்ஸ் டில்லும் எர்னஸ்ட் மெக்கல்லோக்கும். கதிர்வீச்சால் மஜ்ஜை அழிந்த எலிகளுக்கு வேறு எலிகளின் மஜ்ஜைச் செல்களைச் செலுத்தினார்கள். பத்து நாட்கள் கழித்துப் பார்த்தால் மண்ணீரலில் சிறு சிறு முடிச்சுகள். 1961-இல் அதை வெளியிட்டார்கள். அடுத்த இரண்டு ஆண்டுகளில், ஒவ்வொரு முடிச்சும் ஒரே செல்லிலிருந்து வந்தது என்றும், அந்த முடிச்சிலிருந்து எடுத்த செல்கள் இன்னோர் எலியில் மறுபடியும் முடிச்சு உண்டாக்கக்கூடியவை என்றும் காட்டினார்கள். அன்றிலிருந்து இலக்கணம் இரண்டு. அந்தச் செல் பிரிந்து தன்னைப் போன்றதையே உண்டாக்கி, தான் குறையாமல் இருக்க வேண்டும். பிரிந்து வேறு வகைச் செல்களையும் தர வேண்டும். தமிழில் எந்தச் சொல்லை வைத்தாலும் இந்த இரண்டையும் அது தாங்க வேண்டும் என்பதே என் அளவுகோல்.

"ஸ்டெம் செல்" என்று அப்படியே எழுதுகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. அந்தச் சொல் எதையும் விளக்காது, ஆனால் யாரையும் தவறான இடத்துக்கு அனுப்பவும் செய்யாது. தண்டு செல்லைவிட அது ஆயிரம் மடங்கு மேல். "தாய் செல்" என்பாரும் உண்டு. செல் பிரிதலைப் படிக்கும் பள்ளி மாணவருக்குத் தாய் செல், சேய் செல் என்பவை ஏற்கெனவே வேறு பொருளில் தெரியும். பிரிகிற எந்தச் செல்லும் தாய் செல்தான். அந்தப் பெயரை இங்கே கொண்டுவந்தால் இரண்டும் கெடும்.

உண்மையான போட்டி "மூலச் செல்". படித்தவர்கள், நல்ல நடை உள்ளவர்கள் இதை எழுதுகிறார்கள், அதனால் இதோடுதான் நின்று வாதிட வேண்டியிருக்கிறது. மூலம் வடசொல் என்று ஒதுக்குகிறவர்களோடு நான் சேரமாட்டேன். தமிழர் நாவில் நெடுங்காலம் பழகிய சொல் அது. என் குறை பொருளைப் பற்றியது. மூலம் என்பது தொடங்கிய இடத்தைச் சொல்லும் சொல். ஆற்றின் மூலம், நூலின் மூலம், வழக்கின் மூல ஆவணம். தொடக்கம் ஒரு முறை நிகழ்ந்து முடிந்துவிடும். நம் உடலிலோ நொடிக்கு ஏறத்தாழ 20 லட்சம் சிவப்பணுக்கள் இன்றும் பிறந்துகொண்டிருக்கின்றன. சிறுகுடலின் உள்பூச்சு நான்கைந்து நாட்களில் முழுதாகப் புதுப்பிக்கப்படுகிறது. அந்தப் பூச்சின் பள்ளங்களின் அடியில் உட்கார்ந்து இந்த வேலையைச் செய்யும் செல்களை 2007-இல் நெதர்லாந்தில் ஹான்ஸ் கிளெவர்ஸ் குழுவினர் அடையாளம் கண்டார்கள். அப்படி ஒற்றைச் செல்லை எடுத்து வளர்த்தே சிறுகுடலின் சிற்றுருவை ஆய்வகத்தில் உண்டாக்கிக் காட்டியது 2009-இல். இதையெல்லாம் "மூலம்" என்று சொன்னால், என்றோ நடந்து முடிந்த ஒன்றைப் பற்றிப் பேசுவது போல் இருக்கிறது.

ஜப்பானிய ஆய்வாளர் ஷின்யா யமனக்காவின் ஆய்வுக்கு வந்தால் இந்தச் சொல் அறவே உடைந்துபோகிறது. 2006-இல் அவர் எலியின் தோலிலிருந்து எடுத்த முதிர்ந்த செல்களுக்குள் நான்கு மரபணுக்களைச் செலுத்தி, எந்த வகைச் செல்லாகவும் மாறக்கூடிய நிலைக்குத் திரும்பக் கொண்டுபோனார். அடுத்த ஆண்டே மனிதச் செல்களிலும் செய்தார். 2012-இல் ஜான் கர்டனோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். "தோல் செல்லை மூலச் செல்லாக மாற்றினார்" என்று எழுதிப் பாருங்கள். விளைந்த பொருள் எப்படி மூலமாகும்? ஆற்று நீரை அள்ளி ஊற்றாக்கினார் என்பது போல் இருக்கிறது. மாறாக, "முதிர்ந்த செல்லைக் குருத்துவிடச் செய்தார்" என்றால் ரணகள்ளி இலையின் ஓரத்தில் குட்டிச் செடிகள் முளைப்பதைப் பார்த்த எவருக்கும் சட்டென்று பிடிபடும்.

இன்னொன்றும் இருக்கிறது. மருத்துவமனைக்குள் மூலம் என்றால் ஆசனவாய் நோய். புறநோயாளிப் பிரிவுகளின் பெயர்ப்பலகையிலேயே அந்தச் சொல் தொங்குகிறது. அங்கேயே இன்னொரு கதவில் "மூலச் செல் சிகிச்சை" என்று எழுதி வைத்தால் நோயாளி எதை நினைப்பார்? கலைச்சொல் ஆக்குகிறவர் அந்தச் சொல் எந்தச் சுவரில் ஒட்டப்படும் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இனி குருத்து. குரும்பை, குருளை, குருத்து மூன்றையும் அருகருகே வைத்தால் இளமை தானாகக் கேட்கும். ஆனால் இளமை மட்டும் இருந்தால் தளிர் என்றோ முளை என்றோ சொல்லியிருக்கலாம். குருத்துக்கு ஒரு தனிக் குணம் உண்டு. வாழை மரத்தைக் காலையில் முழங்கால் உயரத்தில் வெட்டிவிட்டு மாலையில் போய்ப் பாருங்கள். சுற்றிலும் உள்ள மட்டைகள் வெட்டிய மட்டத்திலேயே நிற்கும். நடுவில் மட்டும் வெளிர்பச்சைச் சுருள் விரலளவு மேலே வந்திருக்கும். மறுநாள் இன்னும் கொஞ்சம். மட்டை மட்டையாகவே முடிந்துவிட்டது, குருத்து முடியவில்லை. தென்னையிலும் பனையிலும் இது இன்னும் கண்டிப்பானது. அவற்றுக்கு உச்சியில் ஒரே ஒரு வளர்முனைதான். ஓலை, பாளை, இளநீர் எல்லாம் அங்கிருந்துதான் வர வேண்டும். எங்கள் தோப்பில் குருத்தழுகல் வந்த ஒரு மரத்தை எனக்குத் தெரியும். ஏறியவர் நடுக்குருத்தைச் சும்மா பிடித்து இழுத்தார், உருவிக்கொண்டு கையோடு வந்தது. அடி பழுப்பாகக் கூழாகி நாறியது. கீழ் ஓலைகள் பல மாதங்கள் பச்சையாகவே இருந்தன, ஆனால் அந்த மரம் அன்றே முடிந்துவிட்டது என்று எல்லோருக்கும் தெரியும். கதிர்வீச்சில் மஜ்ஜை அழிந்த எலியின் நிலையும் அதுதான். இரத்தத்தில் இருக்கும் செல்கள் கொஞ்ச நாள் ஓடும், புதிதாக எதுவும் வராது.

சிலர் நுணுக்கமாக ஒரு தடை சொல்வார்கள். குருத்து என்பது விரியாத இலை, செல்கள் பிறப்பது அதன் அடியில் உள்ள முனையில் அல்லவா என்பார்கள். உண்மைதான். ஆனால் "வண்டு குருத்தைத் துளைத்துவிட்டது" என்று சொல்லும் விவசாயி இலையை மட்டுமா சொல்கிறார்? உச்சியின் அந்த உயிர்நிலையைச் சேர்த்தே சொல்கிறார். தாவரவியலும் அங்கேதான் கை வைக்கிறது. கடுகுக் குடும்பச் செடியான அராபிடாப்சிஸின் தண்டு நுனியில் உள்ள ஒரு சிறு செல் கூட்டத்தை அப்படியே காத்து வைப்பது வூஷெல் என்ற மரபணு. அது பழுதானால் செடி சில இலைகள் விட்டு நின்றுபோகிறது. அந்தச் செல் கூட்டத்துக்கு ஆய்வாளர்கள் சூட்டியிருக்கும் பெயரும் இதே ஸ்டெம் செல். திசு வளர்ப்பு வாழைக்குக் கன்றின் குருத்து முனையைத் தேடி எடுப்பதும் அதனால்தான். ஆக, குருத்து என்பது உவமையாகச் சொன்னதுகூட இல்லை. தாவரத்தில் அந்தச் செல்கள் இருக்கும் இடத்தின் பெயரே அது.

நான் மதிக்கும் தடை ஒன்றே ஒன்று, குருத்தெலும்பு. மூட்டுகளில் இருக்கும் அந்த வழவழப்பான திசுவுக்கு நூல்களில் நிலைத்துவிட்ட பெயர் அது, குருத்தணு என்றால் குருத்தெலும்பின் செல் என்று எண்ணக்கூடும். மூட்டுவலி மருத்துவமனை விளம்பரங்களில் இரண்டும் ஒரே வரியில் வரும்போது தடுமாற்றம் இருக்கத்தான் செய்யும். அங்கே குருத்தெலும்புச் செல் என்று முழுதாக எழுதினால் தீர்ந்துவிடும் என்பது என் கருத்து. அணு என்ற பின்னொட்டுப் பிடிக்காதவர்கள் குருத்துச் செல் என்று எழுதட்டும். இலங்கைப் பாடநூல்கள் செல்லைக் கலம் என்கின்றன, அங்கே குருத்துக்கலம் அழகாகவே நிற்கும். சிவப்பணு, வெள்ளையணு, விந்தணு என்று ஏற்கெனவே ஒரு வரிசை இருப்பதால் நான் குருத்தணு என்கிறேன். கருக் குருத்தணு, இரத்தக் குருத்தணு, தூண்டிய குருத்தணு என்று எத்தனை அடை சேர்த்தாலும் நாக்கு இடறவில்லை.

தண்டு செல் தனியாக வரவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம். ஆய்வகத்தில் செல்களை வளர்ப்பதை, அதாவது ஆங்கிலத்தின் செல் கல்ச்சரை, "செல் கலாச்சாரம்" என்று எழுதியதை என் கையால் திருத்தியிருக்கிறேன். தலைமுறை தலைமுறையாக வளர்த்துவரும் செல் வழியை, அதாவது செல் லைனை, "செல் கோடு" என்று எழுதியதையும் திருத்தியிருக்கிறேன். வழி என்று தமிழில் தாய்வழி, தந்தைவழி, கால்வழி என எத்தனை இருக்கின்றன! அவற்றில் ஒன்று நினைவுக்கு வராமல் கோடு வருகிறதென்றால், மொழிபெயர்ப்பவர் பொருளைப் பார்க்கவே இல்லை, எழுத்தை மட்டும் பார்த்திருக்கிறார். இப்போது கருவியே மொழிபெயர்த்துத் தருகிறது, அதன் மேல் ஒருமுறை கண்ணை ஓட்டக்கூட ஆளில்லை. கதைப் புத்தகத்தில் இப்படி நடந்தால் வாசகர் முகம் சுளிப்பதோடு போகும். மருத்துவத் துண்டறிக்கையில் நடந்தால் ஒரு தாய் கையெழுத்துப் போட மறுப்பார். குருத்தணு சிகிச்சை என்ற பெயரில் எல்லா நோய்க்கும் ஊசி போடுகிறோம் என்று விளம்பரம் செய்கிறவர்களுக்கும் இந்த மங்கல் வசதியாக இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல் இரத்தக் குருத்தணு மாற்றுக்கு அப்பால் உள்ளவற்றை ஆய்வு என்ற வரம்புக்குள் நிறுத்துகிறது. அதை மக்களுக்கு விளங்கச் சொல்வதற்கும் விளங்கும் சொல் வேண்டும்.

அத்தையிடம் நான் தண்டைப் பற்றிப் பேசவே இல்லை. "இரத்தத்துக்குக் குருத்து எலும்புக்குள் இருக்கிறது அத்தை, தம்பியிடமிருந்து அந்தக் குருத்தில் கொஞ்சம் எடுத்து அவளுக்குக் கொடுக்கப் போகிறார்கள்" என்றேன். தோப்பு வைத்திருப்பவர் அல்லவா, உடனே கேட்டார்: "குருத்தை எடுத்தால் மரம் பட்டுப்போகுமே?" நான் ஒரு கணம் திகைத்துவிட்டேன். ஆனால் கொடையாளரின் தாய் கேட்க வேண்டிய சரியான கேள்வி அது. தென்னை மாதிரி ஒற்றைக் குருத்து இல்லை, வாழைக் கூட்டம் மாதிரி, பக்கக் கன்று வந்துகொண்டே இருக்கும், எடுத்தது சில வாரங்களில் நிறைந்துவிடும் என்றேன். "அவளுக்கு?" என்றார். அவளுக்கு இருக்கும் நோய்க் குருத்தை மருந்து கொடுத்து முதலில் அழிப்பார்கள், பிறகு தம்பியுடையது ஊன்ற வேண்டும், அதுதான் ஆபத்தான காலம் என்று மறைக்காமல் சொன்னேன். அன்று மாலை கையெழுத்துப் போட்டார்.

மாற்று முடிந்த பிறகு ஒவ்வொரு காலையும் இரத்தப் பரிசோதனைத் தாளோடு செவிலியர் வரும்போது அத்தை கண்ணாடிக்கு வெளியே நின்று, "குருத்து விட்டதா அம்மா?" என்று கேட்பார். முதல் வாரம் முழுவதும் இல்லை என்றே பதில். பதினாறாம் நாள் அந்தப் பெண், அத்தை கேட்பதற்கு முன்பே, "விட்டுவிட்டது" என்றார்.