தானுணர் அறிதிறன் தளர்ச்சி: சொல் விளக்கம்

காசிமேட்டிலிருந்து மீன் எடுத்துவந்து தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் விற்கும் எழுபது வயது ஆயா, சில்லறையைச் சரியாக எண்ணிக் கொடுத்த பிறகும், “கணக்கு தப்பல கண்ணு, ஆனா முன்ன மாறி டக்குனு வர்ல” என்றார். ‘சப்ஜெக்டிவ் காக்னிட்டிவ் டிக்ளைன்’ என்று மருத்துவர்கள் வழங்கும் தொடரின் பொருள் ஏறக்குறைய முழுவதும் இந்தப் பேச்சில் இருக்கிறது. நினைவுச் சோதனைகளில் வயதுக்கும் படிப்புக்கும் ஏற்ற இயல்பான விடைகளே கிடைக்கும்; ஆயினும் ஒருவர் தம் பழைய நிலையோடு தம்மை ஒப்பிட்டு, ஏதோ குறைந்திருப்பதைத் தாமே உணர்வார். சோதனையிலும் குறை தெரிந்தால் அது வேறு நிலை. பன்னாட்டு ஆய்வாளர் குழு ஒன்று 2014இல் இதற்கு வரையறை வகுத்தது.

‘காக்னிட்டிவ்’ என்பது அறிதலைக் குறிக்கும் ‘காக்னோஸ்கெரே’ என்னும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. அதன் வேரும், ‘ஞாபகம்’ என்ற வடசொல்லின் வேரான ‘ஞா’வும் ஒரே இந்தோ-ஐரோப்பிய மூலத்தில் பிறந்தவை. “ஞாபகமே பூட்ச்சுப்பா” என்னும் வண்ணாரப்பேட்டைப் பெரியவர், தம்மை அறியாமலே மருத்துவர் சொல்லின் உறவுச் சொல்லைத்தான் வழங்குகிறார்.

இதனை ‘மறதி’ என்று தமிழாக்குவது எனக்கு உடன்பாடில்லை. சொல் கிடைக்காமல் திணறுவது, கவனம் சிதறுவது, வேலையைத் திட்டமிட இயலாமல் தடுமாறுவது ஆகியவையும் இதில் அடங்கும். மேலும், திருக்குறளின் ‘பொச்சாவாமை’ அதிகாரம் கடியும் பொச்சாப்பு, மகிழ்ச்சியில் திளைத்துக் கடமையை மறக்கும் சோர்வு. அந்தப் பழிச்சாயல் ‘மறதி’யில் இன்றும் ஒட்டியிருப்பதால், முதியவர் தம் நிலையை வெளியே சொல்லக் கூசுகிறார். ‘அகநிலை அறிதிறன் குறைபாடு’ என்பதிலும் இரண்டு இடர்கள் உள்ளன: ‘அகநிலை’ என்றால் வெறும் மனப்பிரமை என்று வீட்டார் தள்ளிவிடுவர், சோதனையில் தெரியாத ஒன்றைக் ‘குறைபாடு’ என்பதும் பிழை. ‘சரிவு’ என்றால் பள்ளம் வரை போய்விடும் என்ற அச்சம் எழும். இந்த நிலையில் உள்ளோருக்குப் பிற்காலத்தில் மறதிநோய் (டிமென்ஷியா) வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல் என்றாலும், பெரும்பாலோர் அதை எட்டுவதில்லை. பி12 சத்துக் குறைவு, தைராய்டு, உறக்கமின்மை, மனச்சோர்வு போன்ற சரிசெய்யக்கூடிய காரணங்களும் இருக்கலாம். அதனால்தான், உடம்புக்கு நாம் இயல்பாகச் சொல்லும் ‘தளர்ச்சி’யை அறிவுக்கும் நீட்டி, ‘தானுணர் அறிதிறன் தளர்ச்சி’ என்கிறேன்.

‘தானுணர்’ என்ற அடையை விட்டுவிடக் கூடாது. மறதிநோய் முற்றியவருள் பலர் தம் மாற்றத்தைத் தாம் உணர்வதில்லை. வீட்டார்தான் வந்து சொல்வர். இங்கே முறையிடுபவர் தளர்ச்சியை உணர்பவரே. “வயசானா அப்டித்தான்” என்று நாம் அடக்கிவிட்டால், அதைச் சொல்ல வேறு ஆளில்லை.