புதருக்குள் நிற்கும் ஃபேர்லேடி: நின்றுபோன காரைத் துரு எப்படித் தின்கிறது

ஜப்பானில் ஊர்ப்புறமாகப் போனால் வயல் ஓரத்தில், மூங்கில் புதருக்குள், இடிந்த கொட்டகைக்குப் பின்னால் என்று பழைய கார்கள் நிற்கும். நம்பர் பிளேட் இருக்காது, டயரில் காற்று இருக்காது, ஜன்னல் வழியே கொடி உள்ளே ஏறியிருக்கும். அங்கே இருக்கும் கார்ப் பிரியர்கள் இவற்றுக்கு 'குசாஹிரோ' என்று செல்லப்பெயர் வைத்திருக்கிறார்கள். 'குசாமுரா நோ ஹீரோ' என்பதன் சுருக்கம் அது, புதருக்குள் நிற்கும் நாயகன் என்று அர்த்தம். பெரும்பாலும் குட்டி வேனும் சின்ன லாரியும்தான். எப்போதாவது ஒரு நீண்ட மூக்கு புல்லுக்கு மேலே தலைநீட்டும், அது நிசான் ஃபேர்லேடி இசட். 1969 கடைசியில் வந்து, அமெரிக்காவில் டாட்சன் 240இசட் என்ற பெயரில் சுமார் 3,500 டாலருக்கு விற்று, ஜப்பான்காரர்களாலும் ஸ்போர்ட்ஸ் கார் செய்ய முடியும் என்று உலகத்தையே ஒத்துக்கொள்ள வைத்த வண்டி. அதைப் புல் மூடிய கோலத்தில் படத்தில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துவிடும்.

ஏன் அப்படியே விட்டார்கள்? ஜப்பானில் 'ஷாகென்' என்று ஒரு கட்டாயப் பரிசோதனை உண்டு, செலவு அதிகம். 1995 வரை பத்து வயது தாண்டிய கார்களுக்கு வருடா வருடம் அதைச் செய்யவேண்டியிருந்தது. புது வண்டி வாங்குவதே லாபம் என்று ஆகிவிட்டது. ஊர்ப்புறத்தில் இடத்துக்குப் பஞ்சமில்லை, பழையதை வீட்டுக்குப் பின்னால் ஓரங்கட்டிவிட்டார்கள். 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று நிறுத்தியதும் இருக்கும்.

சரி, நிறுத்திய கார் ஏன் துருவாகப் போகிறது? மழையில் நனைந்து கெட்டுப்போச்சு என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் அந்தக் காரின் கூரையையும் கதவின் நடுப்பகுதியையும் தட்டிப் பாருங்கள், மழை நேராக விழும் இடங்கள் அவை, பெரும்பாலும் இன்னும் கெட்டியாக இருக்கும். பின்சக்கரத்துக்கு முன்னால், கதவுக்குக் கீழே மடிந்து இறங்கும் அந்த மூலையில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்துங்கள், அப்பளம் மாதிரி நொறுங்கி உள்ளே போய்விடும். மழையே படாத இடம் ஏன் முதலில் போகிறது என்பதுதான் இதில் சுவையான கேள்வி.

துருப்பிடிப்பது ஒரு மின்வேதி வேலை. ஈரமான தகட்டின் ஓரிடத்தில் இரும்பு அணு தன் எலக்ட்ரான்கள் இரண்டை விட்டுவிட்டு அயனியாகத் தண்ணீருக்குள் இறங்குகிறது. அந்த எலக்ட்ரான்கள் தகட்டின் வழியாகவே ஓடி, வேறோர் இடத்தில் தண்ணீரோடும் அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜனோடும் சேர்ந்து ஹைட்ராக்சைடாக மாறுகின்றன. இங்கே கரைந்த இரும்பும் அங்கே உண்டான ஹைட்ராக்சைடும் நடுவழியில் சந்தித்து, இன்னும் கொஞ்சம் ஆக்சிஜனை இழுத்துக்கொண்டால் பழுப்புத் துரு. ஒரே தகட்டில் இரண்டு முனைகளும் உள்ள குட்டி பேட்டரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த இடம் கரையும், எந்த இடம் தப்பிக்கும்? இதைக் கண்ணுக்கு நேராகக் காட்டியவர் கேம்பிரிட்ஜில் துருவை ஆராய்ந்த யூலிக் எவன்ஸ், 1920களில். தேய்த்துப் பளபளப்பாக்கிய இரும்பின் மேல் ஒரே ஒரு துளி உப்புத் தண்ணீர், அதில் நிறம் காட்டும் வேதிப்பொருள்கள். கொஞ்ச நேரத்தில் துளியின் நடுவே நீலம், ஓரத்தில் இளஞ்சிவப்பு. நீலம் என்றால் அங்கே இரும்பு கரைகிறது, சிவப்பு என்றால் அங்கே ஆக்சிஜன் எலக்ட்ரான்களை வாங்குகிறது. துளியின் ஓரத்தில் தண்ணீர் மெல்லிசு, காற்று சுலபமாகப் புகும். நடுவில் ஆழம், காற்று போய்ச்சேருவது கஷ்டம். கரைவது காற்று குறைந்த அந்த நடுப்பகுதி! ஆக்சிஜன் இல்லாமல் துரு இல்லை, ஆனாலும் ஆக்சிஜன் குறைவாக உள்ள இடம்தான் பலியாகிறது. எனக்கு இது முதலில் புரிந்தபோது பழைய கார்களைப் பார்க்கும் விதமே மாறிப்போனது.

இப்போது இசட்டின் அந்த மூலைக்குத் திரும்பி வாருங்கள். அங்கே இரண்டு மூன்று தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் புள்ளிப் புள்ளியாக வெல்டிங் செய்திருக்கிறார்கள். தகடுகளுக்கு நடுவே மயிரிழை இடைவெளி. தண்ணீர் தானாகவே உறிஞ்சிக்கொண்டு உள்ளே போகும், வெளியே வராது, காற்றும் சரியாகப் போகாது. எவன்ஸின் துளி நடு மாதிரியே ஒரு இடம், ஆனால் வருடக்கணக்கில் காயாத துளி. அதோடு சக்கரம் வீசியெறிந்த சேறு. முன் கண்ணாடிக்கு அடியில் காற்று இழுக்கும் அறையில் இலை விழுந்து மக்கி வடிகால் அடைத்துக்கொண்டால், தேங்கும் தண்ணீர் மெல்ல வண்டிக்குள் இறங்கி கார்பெட்டுக்கு அடியில் தங்கும். என்ஜின் பக்கம் பேட்டரி உட்காரும் தட்டில் அமிலம் வேறு கசிந்து பெயிண்டைத் தின்றிருக்கும். இசட் வாங்கப் போகிறவர்கள் முதலில் குனிந்து பார்ப்பது இந்த இடங்களைத்தான்.

அப்புறம் உப்பு. சுத்தமான இரும்பு, காற்றில் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் ஏறக்குறைய தூங்கிவிடும். உப்புப் படிந்த இரும்புக்கு அந்தத் தூக்கம் கிடையாது. பனியை உருக்கச் சாலையில் தூவும் கால்சியம் குளோரைடு, ஈரப்பதம் மூன்றில் ஒரு பங்கு இருந்தாலே காற்றிலிருந்து நீரை உறிஞ்சித் தானே கரைசலாகிவிடும். நீகாதா, அகிதா மாதிரி ஜப்பான் கடலோர மாகாணங்களில் குளிர்காலக் காற்றே கடல் உப்பைச் சுமந்து வரும். பனியில் வழுக்காமல் இருக்க ஆணி பதித்த டயர்களைத் தடுக்கும் சட்டம் 1990இல் வந்தபிறகு சாலை உப்பும் கூடியது. மடிப்புக்குள் புகுந்த உப்பு அங்கேயே இருக்கும், வண்டி நின்று முப்பது வருடம் ஆனாலும் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்.

எவ்வளவு நாள் தாங்கும் என்று ஒரு கணக்குப் போடலாம். கார் உடம்புத் தகடு சுமார் 0.8 மில்லிமீட்டர், அதாவது 800 மைக்ரான். நடுத்தர அரிப்புள்ள சூழலில் மூடாத இரும்பு முதல் வருடத்தில் 25 முதல் 50 மைக்ரான் இழக்கும், உப்புக் காற்று பலமாக வீசும் கடலோரத்தில் 80 முதல் 200. இரண்டு பக்கமும் தின்றால், 25 மைக்ரான் வேகத்திலேயே 16 வருடத்தில் பொத்தல். திறந்த வெளியில் வேகம் போகப்போகக் குறையும் என்பது உண்மை, ஆனால் மடிப்புக்குள் துரு சீராக இல்லாமல் குழி குழியாக இறங்கும், அதனால் கணக்கு சொல்வதை விட முன்னதாகவே ஓட்டை விழும்.

அலுமினியத்திலும் ஆக்சைடு உண்டாகிறது, ஆனால் அது இறுக்கமான தோலாகி அடியில் உள்ளதைக் காக்கிறது. இரும்பின் துரு கரைந்த இரும்பைப்போல் பல மடங்கு இடம் பிடிக்கும், பொருபொருவென்று இருக்கும், பஞ்சு மாதிரி ஈரத்தைத் தேக்கிவைக்கும். வீங்கும்போது வெல்டிங் செய்த தகடுகளையே பிரித்துவிடும் அளவுக்கு நெம்பும், பிரிந்த இடத்தில் இன்னும் தண்ணீர் போகும். வெளியே பெயிண்டில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு உப்பல் தெரிகிறது என்றால், உள்ளே உள்ளங்கை அளவுக்குப் போயிருக்கும். கறையான் அரித்த கதவைப் போல்.

அந்தக் காலத்து ஜப்பான் தகடே மட்டம் என்று ஒரு பேச்சு உண்டு, நான் அதை ஏற்கவில்லை. அதே காலத்து இத்தாலியக் கார்களும் இதே மாதிரிதான் கரைந்தன. தகட்டுக்குத் துத்தநாகப் பூச்சு வழக்கத்துக்கு வராத காலம் அது. துத்தநாகம் இருந்தால் கீறல் விழுந்தாலும் இரும்புக்கு முன்னால் தான் கரைந்து காப்பாற்றும். 1990இல் ஹோண்டா என்எஸ்எக்ஸ் உடம்பு முழுவதையும் அலுமினியத்தில் செய்தபோது அந்த வண்டியின் உடம்புக்கு இந்தத் துருக் கவலை போயே போச்சு.

ஓடும் கார் தன்னைத்தானே உலர்த்திக்கொள்ளும், என்ஜின் சூடும் எதிர்க்காற்றும் சேர்ந்து. நின்ற கார் இரவில் வானத்தைப் பார்த்துச் சூட்டை இழந்து காற்றை விடக் குளிர்ந்துபோகும், விடியலில் பனித்துளி படியும். துரு மிக வேகமாக ஏறுவது முழுக்க நனைந்திருக்கும்போது இல்லை, காயும்போது. நீர்ப்படலம் மெலிந்து ஆக்சிஜன் சுலபமாகக் கடக்கும் நேரம் அது. புல்லுக்குள் நிற்கும் காருக்கு அந்த நேரம் தினமும் வரும், அடிப்புறத்தில் காய்ந்து முடிவதே இல்லை. நல்லெண்ணத்தில் தார்ப்பாய் போட்டு இறுக்கி மூடியவர்கள் தரையிலிருந்து எழும் ஈரத்தையும் சேர்த்தே மூடிவிடுகிறார்கள்.

என்ஜினுக்குள்ளும் இதே கதைதான். நிறுத்திய கணத்தில் எந்த சிலிண்டரின் வால்வு திறந்திருந்ததோ, அதற்குள் ஈரக்காற்று போய் வரும். பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் சுவரும் இரும்பு, தொட்டுக்கொண்டிருக்கும் அந்த வளையத்தில் துருவால் ஒட்டிக்கொள்ளும். இசட்டின் ஆறு சிலிண்டரில் ஒன்று பிடித்துக்கொண்டாலே மொத்தமும் நின்றுவிடும். அப்படிப்பட்ட வண்டியைக் கண்டெடுத்தவுடன் ஆசையில் பேட்டரி வைத்து ஸ்டார்ட்டரைத் தட்டக்கூடாது. ரிங் உடையும், சுவரில் கோடு விழும்.

முதலில் தரையிலிருந்து தூக்கி மேடை மேல் வைக்கவேண்டும். கண்ணாடிக்கு அடியில் மக்கிய இலையைக் கையால் அள்ளவேண்டும், கார்பெட்டைக் கிழித்து எடுக்கவேண்டும், கதவடியிலும் மடிப்பிலும் உள்ள வடிகால் துளைகளைக் கம்பியால் குத்தித் திறக்கவேண்டும், நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவி நன்றாகக் காயவிடவேண்டும். பிறகு ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் துருவை இளக்கும் எண்ணெய் ஊற்றி, ஒரு வாரமோ இரண்டு வாரமோ சும்மா விடவேண்டும். கடைசியில் என்ஜினின் முன்பக்கப் புல்லி போல்ட்டில் நீளமான ஸ்பானரை மாட்டி, முறுக்காமல், உடம்பு எடையை மட்டும் மெதுவாகக் கொடுத்துப் பார்க்கவேண்டும், கையில் ஒரு சின்ன நெகிழ்வு தட்டுகிறதா என்று.