வாடைக்காற்றில் ஹார்ப்: ஒரு தொன் இழுவையைச் சுமக்கும் வாத்தியம்

நத்தார் நள்ளிரவுத் திருப்பலியில் பாடகர் குழாம் மெதுவான பாலன் பாட்டு ஒன்றைத் தொடங்கும்போது, பின்னால் மணிமணியாக உதிரும் ஓசை ஒன்று கூடவே வரும். அது ஹார்ப் என்ற பெரிய தந்தி வாத்தியத்தின் ஓசை. திருகோணமலையில் அது பெரும்பாலும் கீபோர்டின் உபயம். மின்னிசைக் கருவிகளுக்காக 1991 இல் உற்பத்தியாளர்கள் ஏற்றுக்கொண்ட பொது மிடி (General MIDI) ஒழுங்கில் 128 ஓசைகள் வரிசைப்படுத்தப்பட்டன. அதில் ஹார்ப்புக்குக் கிடைத்தது 47 ஆவது இடம். கச்சேரி ஹார்ப்பின் தந்திகளும் நாற்பத்தேழுதான் என்பது வேடிக்கையான பொருத்தம்.

கீபோர்டில் அந்தப் பொத்தானை அழுத்தினால் போதும், மழையோ வெயிலோ சுருதி அசையாது. உண்மையான ஹார்ப்பின் பிழைப்பு அப்படியில்லை. நாற்பத்தேழு தந்திகளும் சேர்ந்து அதன் சட்டகத்தை இழுக்கும் விசை ஏறத்தாழ 900 கிலோகிராம் எடைக்குச் சமம். ஒரு தொன்னுக்குச் சற்றுக் குறைவு. வாத்தியத்தின் சொந்த எடையோ நாற்பது கிலோவை ஒட்டியதுதான். அதன் வடிவம், ஓசை, விலை, மார்கழியில் அது கொடுக்கும் தொல்லை எல்லாவற்றுக்கும் இந்த இழுவிசையே மூலம்.

ஒரு தந்தியின் சுருதியை நிர்ணயிப்பவை மூன்று: நீளம், இழுவிசை, ஒரு மீற்றர் தந்தியின் நிறை. 1636 இல் மரின் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி இவற்றுக்கிடையிலான தொடர்பை எழுதி வைத்தார். நீளத்தைப் பாதியாக்கினால் ஓசை ஒரு ஸ்தாயி ஏறும். இழுவிசையைக் கூட்டி அதே ஏற்றத்தைப் பெற வேண்டுமானால் அதை நான்கு மடங்காக்க வேண்டும். நிறையை நான்கு மடங்காக்கினால் ஒரு ஸ்தாயி இறங்கும்.

இதை வைத்துச் சின்னக் கணக்கு ஒன்று பார்க்கலாம். பெரிய ஹார்ப்பின் அடித்தந்தி வினாடிக்கு ஏறத்தாழ 33 தடவை அதிரும். உச்சித்தந்தி 3136 தடவை. விகிதம் 96 மடங்கு. உச்சித்தந்தி ஒரு விரல் நீளம், அதாவது 7 சென்ரிமீற்றர் என்று கொள்வோம். நீளத்தை மட்டும் மாற்றிக்கொண்டே அடித்தந்திக்குப் போனால் அது 6.7 மீற்றர் வரும். அப்படியொரு வாத்தியத்தைக் கோவில் வாசலால் உள்ளே கொண்டுவர முடியாது. அதனால் கீழே போகப் போகத் தந்தியைத் தடிப்பாக்குகிறார்கள். மேலே நைலோன், நடுவில் விலங்கின் குடலைத் திரித்துச் செய்த நரம்பு, அடியில் உருக்குக் கம்பிமேல் செப்புக் கம்பி சுற்றிய கனத்த தந்தி. இப்படிச் செய்தால் அடித்தந்தி ஒன்றரை மீற்றர் அளவில் அடங்கிவிடும். மேல் கழுத்து ஏன் அன்னத்தின் கழுத்துப் போல வளைந்திருக்கிறது என்பதற்கும் விடை இதுவே. ஒவ்வொரு தந்திக்கும் வேண்டிய நீளத்தைக் குறித்துப் புள்ளிகளை இணைத்தால் அந்த வளைவு தானாக வரும். அழகுக்காக யாரும் வளைக்கவில்லை.

முன்னால் நிமிர்ந்து நிற்கும் தூணைப் பற்றிப் பேசும்போது நம்முடைய யாழ் நினைவுக்கு வராமல் போகாது. திருகோணமலை இந்துக் கல்லூரியை நிர்வகித்த விபுலாநந்த அடிகள், 1947 இல் வெளிவந்த தமது யாழ் நூலில் பழைய யாழ்களின் வடிவத்தையும் நரம்புக் கணக்கையும் ஆராய்ந்தார். பேரியாழுக்கு 21 நரம்பு, செங்கோட்டி யாழுக்கு 7. வில்லிலிருந்து பிறந்த வடிவம் என்று கருதப்படும் வில்யாழைப் போன்ற வாத்தியங்களில் முன்தூண் இல்லை. வளைந்த கோடும் (தண்டும்) தோல் போர்த்த பத்தரும் (ஒலிப்பெட்டியும்) மட்டுமே. தூண் இல்லாத இடத்தில் ஒரு நரம்பை முறுக்கினால் கோடு சிறிது வளைந்து கொடுக்கும். உடனே மற்ற நரம்புகள் தளரும். அவற்றைச் சரிசெய்தால் முதல் நரம்பு மாறும். நரம்புகள் குறைவாகவும் இழுவை மெல்லியதாகவும் இருந்தால் இதைச் சமாளிக்கலாம். பர்மாவின் சவுங் இன்றும் தூணில்லாமல் 16 தந்திகளோடு நன்றாகவே ஒலிக்கிறது. ஒரு தொன் இழுவைக்கு அது தாங்காது. கழுத்தையும் உடலையும் தூண் இணைத்து முக்கோணமாக்கியதும் சட்டகம் விறைத்தது. ஐரோப்பிய ஹார்ப் இவ்வளவு பெருத்ததற்குக் காரணம் அந்த மூன்றாவது பக்கம்.

அந்த இழுவை முழுவதும் போய் விழுவது மெல்லிய ஸ்புரூஸ் மரப் பலகை ஒன்றின்மேல். தந்தி தனியே அதிர்ந்தால் காற்றைப் பெரிதாக அசைக்காது, காதுக்குக் கேட்பதும் அரிது. பலகைதான் அந்த அதிர்வை வாங்கி அகன்ற பரப்பால் காற்றைத் தள்ளுகிறது. வயலினிலும் வீணையிலும் தந்தி குதிரையின்மேல் அமர்ந்து பலகையைக் கீழே அழுத்தும். ஹார்ப்பில் தந்தி பலகையிலேயே முடிச்சிட்டு நின்று அதை மேலே பிடுங்குகிறது. பலகையைத் தடிப்பாக்கினால் ஓசை செத்துவிடும், மெலிதாக்கினால் பலகை பிய்ந்துவிடும். செய்பவர் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார். வருடங்கள் போகப் போகப் பலகை மெல்ல வயிறு தள்ளும். வயலின் போல முந்நூறு வருடப் பழைய ஹார்ப்பைக் கச்சேரியில் காணமுடியாததற்கு இது ஒரு காரணம்.

எனக்குப் பிடித்த பகுதி பெடல். ஒரு ஸ்தாயிக்கு ஏழு தந்தி, ஏழு ஸ்வரம். பியானோவின் கறுப்புக் கட்டைகளுக்கு இங்கே தனித் தந்தி கிடையாது. அடியில் ஏழு பெடல்கள், ஸ்வரத்துக்கு ஒன்று. பெடலை மிதித்தால் வெற்றுத் தூணுக்குள் ஓடும் கோல் கழுத்திலுள்ள சிறு வட்டத் தகடுகளைத் திருப்பும். தகட்டிலுள்ள இரு முளைகள் தந்தியைக் கவ்விச் சுருக்கும். அரைச்சுரம் ஏற நீளத்தில் 5.6 வீதம் குறைய வேண்டும். ஒரு மீற்றர் தந்தியில் அது 56 மில்லிமீற்றர். உச்சியிலுள்ள குட்டித் தந்தியிலோ நான்கு மில்லிமீற்றர் மட்டுமே. 1810 இல் செபஸ்தியன் எரார்ட் இலண்டனில் காப்புரிமை பெற்ற இரட்டைச் செயற்பாட்டில் பெடலுக்கு மூன்று நிலைகள்: மேலே, நடுவே, கீழே. தந்திக்கு இரண்டு தகடுகள்.

கர்நாடக இசை தெரிந்தவருக்கு இது உடனே புரியும். ஸட்ஜமும் பஞ்சமமும் நடு நிலையில் நிற்கட்டும். ரிஷபப் பெடலின் மூன்று நிலைகளும் ரி1, ரி2, ரி3. தைவதமும் அப்படியே. காந்தாரத்துக்கு க2, க3 கிடைக்கும், க1 கிடைக்காது. நிஷாதத்துக்கு நி1 கிடைக்காது. இவற்றில் ஏதாவதொன்று வருகிற மேளங்களை, அதாவது தாய் ராகங்களைக் கழித்துவிட்டால் 72 இல் 50 மேளகர்த்தாக்களைப் பெடலை மாற்றியே அமைத்துவிடலாம். எல்லாப் பெடல்களும் நடு நிலையில் இருந்தால், மாயாமாளவகௌளைக்கு இரண்டே பெடல்களை நகர்த்தினால் போதும். இன்னும் சுவையானது மோகனம். அதில் மத்யமமும் நிஷாதமும் இல்லை, தந்திகளோ வாத்தியத்தில் இருக்கின்றன. மற்றப் பெடல்கள் நடுவே நிற்க, மத்யமப் பெடலை மேலே தூக்கினால் அந்தத் தந்தி இறங்கி காந்தாரமாகிவிடும். நிஷாதப் பெடலைக் கீழே மிதித்தால் அது ஏறி மேல் ஸட்ஜமாகிவிடும். இனிக் கண்ணை மூடிக்கொண்டு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கையை இழுத்தாலும் அன்னிய ஸ்வரம் ஒன்றும் விழாது. (கீபோர்டில் கறுப்புக் கட்டைகளை மட்டும் இழுத்தாலும் மோகனம் வரும், ஆனால் ஒரே சுருதியில்.) மணப்பெண் நடந்துவரும்போது கேட்கும் அந்த அலை போன்ற வீச்சின் சூட்சுமம் இதுதான். கமகத்தை மட்டும் எதிர்பார்க்கக் கூடாது. தந்தியை இழுத்து வளைக்க மெட்டு இல்லாத வாத்தியம் அது. தேவாலயங்களுக்கும் சிறு வைபவங்களுக்கும் ஏற்ற சின்ன ஹார்ப்பில் பெடலும் இல்லை. தந்திக்கொரு நெம்பு இருக்கும், பாட்டின் நடுவே இடக்கையை எடுத்து அதைத் திருப்ப வேண்டும்.

எங்கே மீட்டுகிறோம் என்பதும் ஓசையை மாற்றும். தந்தி தன் அடிச்சுரத்தோடு, அதன் இரண்டு, மூன்று மடங்கு வேகத்தில் அதிரும் மேற்சுரங்களையும் எழுப்பும். மீட்டும் புள்ளியில் எந்த மேற்சுரத்துக்கு அசைவற்ற கணு விழுகிறதோ, அந்த மேற்சுரம் ஒலிக்காது என்று 1800 இல் தோமஸ் யங் காட்டினார். சரி நடுவில் மீட்டினால் இரட்டை எண் மேற்சுரங்கள் காணாமல் போய்ப் புல்லாங்குழல் சாயல் வரும். பலகையை ஒட்டி மீட்டினால் கம்பி போலக் கணகணக்கும். வாசிப்பவர் நான்கு விரல்களையே பாவிப்பார், சுண்டுவிரல் சும்மா இருக்கும்.

இனி மார்கழி. எங்கள் கரையில் மழையின் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் ஜனவரி வரை வாடையோடு வருகிறது. கச்சான் வீசும் ஆடியில் காய்ந்து கிடந்த கதவுகள் நத்தார் நாளில் ஊதி இறுகி நிற்பதை எல்லோரும் கண்டிருப்போம். அதே ஈரம் குடல் நரம்புக்குள்ளும் போகிறது. நரம்பு நீரை உறிஞ்சிப் பருக்கும், அதன் நிறை கூடும். முறுக்கிய இழைகள் பருக்கும்போது இழுவிசையும் மாறும். சுருதி ஏறுமா இறங்குமா என்பது முறுக்கின் அளவைப் பொறுத்தது. ஆனால் அசையாமல் இராது. இழுவிசை ஒரு வீதம் மாறினாலே சுருதி அரைச்சுரத்தின் பன்னிரண்டில் ஒரு பங்கு நகரும். தனியே கேட்டால் தெரியாது. பக்கத்துத் தந்தி நகராமல் நின்றால் காதைக் குத்தும்.

பக்கத்துத் தந்தி நகராமல் நிற்பதுதான் வழக்கம் என்பது இதில் பெரிய சிக்கல். நீர் உள்ளே ஊறுவதற்கு எடுக்கும் நேரம் தடிப்பின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். இரண்டு மடங்கு தடித்த நரம்புக்கு நான்கு மடங்கு நேரம். மெல்லியவை சில நிமிடங்களில் மாறும், தடித்தவை பின்தங்கி வரும். நைலோன் வேறு விதமாக நடக்கும். உருக்குக் கம்பி ஈரத்தைச் சட்டை செய்யாது, சூடேறினால் நீண்டு இறங்கும். ஆகவே உப்புவெளியிலுள்ள ஹோட்டல் ஒன்றின் ஏசி மண்டபத்தில் மாலையில் சுருதி கூட்டிய ஹார்ப்பை இரவில் மின்விசிறி சுழலும் கோவிலுக்குக் கொண்டுவந்தால், நாற்பத்தேழும் நாற்பத்தேழு வழியில் போகும். மருந்து எளியது, யாருக்கும் பிடிக்காதது: வாத்தியத்தை ஒரு மணி நேரமாவது முன்கூட்டியே கொண்டுவந்து, வாசிக்கும் இடத்திலேயே விட்டுவிடுவது. அதற்குப் பிறகே சுருதி கூட்டுவது. நனையாத காபன் தந்திகளை மாட்டுவோரும் உண்டு. குடலின் குழைவு அதில் இல்லை என்பது என் காதின் தீர்ப்பு.

கடற்கரைக் கல்யாணம் வேறு கதை. நிலாவெளியில் அதற்கான காலம் சித்திரை முதல் புரட்டாதி வரை, மார்கழியில் கடல் கொந்தளிக்கும். திறந்த வெளியில் பலகையின் ஓசையைத் திருப்பி அனுப்பச் சுவரில்லை. தவில் நாதஸ்வரத்தோடு ஹார்ப்பை ஒரே மேடையில் வைக்க நினைப்பவர்கள் அந்த எண்ணத்தை விட்டுவிடுவது நல்லது. மைக் வைத்தால் முன்புறத்தைவிடப் பின்புறத் துளைகளுக்கு அருகே வைக்க வேண்டும், அதுவும் ஸ்பீக்கரைப் பார்க்காதபடி. காற்று வேறு யாரும் தொடாமலே தந்தியை மீட்டும். தந்தியைக் கடந்து போகும் காற்று அதன் பின்னால் மாறி மாறிச் சுழிகளை உதிர்க்கிறது. வினாடிக்கு ஐந்து மீற்றர் வேகக் காற்று ஒரு மில்லிமீற்றர் தந்தியைக் கடக்கும்போது வினாடிக்கு ஏறத்தாழ ஆயிரம் சுழிச் சோடிகள். அந்த எண்ணிக்கை தந்தியின் ஏதாவதொரு மேற்சுரத்தோடு ஒத்துப்போனால் அது முனகத் தொடங்கும். குருவானவர் மௌனமாக இருக்கும் இடத்திலும் முனகும். தந்திகளின் தளம் காற்றின் திசையோடு ஒரே கோட்டில் நிற்கும்படி வாத்தியத்தைத் திருப்பி வைத்தால் முனகலும் குறையும், சாய்ந்து விழும் பயமும் குறையும். வாசித்து முடிந்ததும் அடிக்கம்பிகளை உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். கடற்காற்றின் உப்பு செப்புச் சுற்றுக்குள் புகுந்து உருக்கைத் தின்றால், அந்தக் கம்பி அறுவதற்கு வெகுநாள் முன்பே மந்தமாகிவிடும்.